வாயால் கேட்பதா, எழுதிக் கொடுப்பதா?

ஜூனில் கால அட்டவணை கைக்கு வந்தது. பொதுத்தேர்வு எழுதும் பத்தாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளும் எனக்கே. அதே பாடம் எடுக்கும் சக ஆசிரியருக்கு ஆறும் ஏழும்.

இந்தப் பங்கீட்டை மாற்றச் சொல்லி நேரில் போய்ப் பேசினால் தலைமை ஆசிரியர் டீ வரவழைத்து, "உங்களை நம்பித்தான் சார் கொடுத்தேன்" என்பார். கோபம் போய்விடும், வகுப்பு போகாது. உறவு கெடாது என்பது மட்டும் லாபம்.

எழுதிக் கொடுத்தால் முகம் சுளிப்பார், சரி. ஆனால் வாரத்தின் 40 பாடவேளைகளில் யாருக்கு எத்தனை, வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள், திருத்த எத்தனை விடைத்தாள் என்று பட்டியல் போட்டுவிட்டால் 'நம்பிக்கை' பேச்சு எடுபடாது. தேர்ச்சி குறைந்து விளக்கம் கேட்கும்போதும் அந்த நகல் கைகொடுக்கும்.

நான் முதல் வாரமே பேசிவிடுவேன். ஜூலை பிறந்தும் மாறவில்லையென்றால் கடிதம்தான்.