ஹாலிஹாக் பூக்களுக்கு 85 மி.மீ. லென்ஸ்

பிரான்ஸின் இல் து ரே தீவில் ஜூன் மாதம் சந்துக்குச் சந்து, வெள்ளைச் சுவரோரம், ஆளைவிட உயரமாக ஹாலிஹாக் நிற்கும். நம் செம்பருத்தியின் குடும்பம்தான். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தண்டே காட்டிக்கொடுத்துவிடும். வாட்டர்கலரில் வரைவதற்காகத்தான் படம் எடுக்கிறேன். ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில் 85 மி.மீ., எஃப் 1.8 (துவாரம் முழுதாகத் திறந்த அளவு) லென்ஸ்.

தண்டின் நடுவில் மூன்று நான்கு பூக்களை மட்டும் எடுக்க இதைவிட நல்ல லென்ஸ் கிடையாது. பின்னால் இருக்கும் பச்சை ஜன்னல் கதவு அழகாகக் கலங்கிவிடும், துரு நோய் பிடித்த கீழ் இலைகளும் ஃப்ரேமுக்குள் வராது. சாயங்கால வெயில் பின்னாலிருந்து விழுந்தால் இதழின் நரம்பு ஒவ்வொன்றும் தெரியும். துவாரத்தைச் சுருக்கி எஃப் 4 வைத்துக்கொள்ளுங்கள், 1.8இல் ஒரு இதழ்தான் தெளிவாக விழும். வெள்ளைச் சுவர் கேமராவின் ஒளி மீட்டரை ஏமாற்றும், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு ஒளி) கூட்டுங்கள். இல்லாவிட்டால் கருஞ்சிவப்புப் பூ வெறும் கறுப்புத் திட்டாகிவிடும், அதைப் பார்த்து என்னத்தை வரைவது?

முழுச் செடியும் வேண்டுமென்றால் ஐந்து மீட்டராவது பின்னால் போகவேண்டும். அந்தச் சந்துகளில் அதற்குள் எதிர்ச்சுவர் முதுகில் இடிக்கும். 80 சென்டிமீட்டருக்குள் ஃபோகஸும் ஆகாது, மகரந்தத் துகளுக்கு, மிக அருகில் எடுக்கும் மேக்ரோ லென்ஸ்தான். மற்றபடி தாராளமாக வாங்கலாம்.