பன்னீர் திராட்சைக்கு ஆட்டோமேட்டிக் சொட்டுநீர்: சில வருஷம் ஓட்டிப் பாத்ததுல

கம்பம் பள்ளத்தாக்குல பந்தல் வச்சிருக்க நெறைய பேரு இதைப் பத்தி கேக்குறாங்க, நான் சில வருஷமாவே ஓட்டுறேன், அதான் வெவரமா எழுதுறேன்.

மொபைல் ஸ்டார்ட்டரை யோசிக்காம வாங்கிருங்க. மும்முனை கரண்டு நடுராத்திரி வந்தாலும் படுத்த எடத்துல இருந்தே மோட்டார போடலாம், ஒரு பேஸ் போனாலோ கிணத்துல தண்ணி வத்துனாலோ தானா நின்னுரும், காயில் எரியாது.

ஆனா எனக்கு உண்மையிலேயே காசுக்கு வேலை செஞ்சது பந்தலுக்கு ஒண்ணா போட்ட சோலனாய்டு வால்வும் (கரண்டுல தானா தொறந்து மூடுற வால்வு), அதுக்கு டைம் சொல்ற கன்ட்ரோலரும்தான். நம்ம ஊர்ல வருஷம் பூரா பழம் வெட்டு, ஒரு பந்தல் இப்பதான் கவாத்து முடிஞ்சு தளிர் விடுது, பக்கத்துப் பந்தல் பூவுல நிக்கிது, அடுத்தது கருத்து வெட்டுக்குத் தயாரா இருக்கு, இதுக்கெல்லாம் ஒரே கணக்குல தண்ணி விட்டா எப்படிங்க? தளிருக்கு தாராளமா வேணும், பழுக்குறதுக்கு கொறைக்கணும், இல்லன்னா பழம் வெடிக்கும், இனிப்பும் ஏறாது, குமுளி வியாபாரி பாத்ததுமே வெலைய எறக்கிருவாரு. இப்ப ஒவ்வொரு பந்தலுக்கும் தனி டைம், உரமும் அதுலயே போகுது.

ஈரப்பத சென்சாரை வேர் இருக்க ஆழத்துல, டிரிப்பருக்கு (தண்ணி சொட்டுற முனை) பக்கத்துல புதைக்கணும், நடு வரப்புல வச்சா எப்பவும் காஞ்சதாவே காட்டும். அப்பப்ப மண்ணைத் தோண்டி கையில புடிச்சும் பாருங்க.

டிரிப்பர் அடைச்சா கன்ட்ரோலருக்குத் தெரியாது, வால்வு தொறந்துருச்சு, வேலை முடிஞ்சுதுன்னு இருக்கும், கொடி வாடும். உப்புத் தண்ணின்னா அடைப்பு கரைய லைன்ல ஆசிட் விட்டுத்தான் ஆகணும், பில்டர் கழுவுறது, லைன் கடைசி மூடியத் தொறந்து விடுறது எல்லாம் ஆள் செய்யுற வேலைதான். அணில் கடிச்ச ட்யூபும் அப்படித்தான்.

பறிக்க ரோபோ வருமான்னு பசங்க கேக்குறாங்க. வாக்யூம்ல ஆப்பிள் உறிஞ்சிப் பறிக்கிற மெஷினை அபண்டன்ட் ரோபாட்டிக்ஸ்னு ஒரு அமெரிக்க கம்பெனி 2019ல நியூசிலாந்து தோட்டத்துல எறக்குச்சு, 2021ல கம்பெனியவே மூடிட்டாங்க. பன்னீரோட மெல்லிசு தோலுக்கு, கத்திரி புடிச்சு அழுகுன பழத்தை மட்டும் நறுக்கி எடுக்குற நம்ம அக்காமாருங்க கைதான் சரி, அவங்க கூலிய ஒழுங்கா ஏத்திக் குடுங்க.

வாங்குறவங்க சிறு குறு விவசாயின்னா சொட்டுநீருக்கு தமிழ்நாட்டுல 100 சதவீத மானியம் இருக்கு, மத்தவங்களுக்கு 75. ஒண்ணே ஒண்ணு, ஒவ்வொரு சோலனாய்டு பக்கத்துலயும் கையால திருப்புற வால்வு ஒண்ணு கட்டாயம் போடச் சொல்லுங்க, மின்னல்ல எங்க கன்ட்ரோலர் போர்டு போனப்ப சர்வீஸ் ஆள் வர்ற வரைக்கும் கொடியக் காப்பாத்துனது அதுதான்.