வீட்டுப் பராமரிப்புப் பயிற்சி: நான்கு வழிகள், எதில் கை பழகுகிறது?

பக்கவாதத்தில் வலது பக்கம் செயலிழந்த ஒருவரைக் கட்டிலில் இருந்து வீல்சேருக்கு மாற்ற வேண்டும். பார்க்கச் சின்ன வேலைதான். சேரை அவருடைய நல்ல பக்கமாக, கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாகப் போட வேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் போட்டு, கால்மிதியை மடக்கிவிட வேண்டும். அவரைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்துக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். வெகுநேரம் படுத்திருந்தவருக்கு எழுந்ததும் தலை சுற்றும். பாதம் இரண்டும் தரையில் நன்றாக ஊன்றியிருக்கிறதா என்று பார்த்து, உடம்பை முன்னால் குனியச் சொல்லி, இடுப்பைப் பிடித்து எழுப்ப வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவிவிடும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாலும் ஆபத்துதான். தூக்குகிறவர் முட்டியை மடக்காமல் முதுகை வளைத்தால், அன்று ராத்திரியே அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

இதை வாசித்து யாரும் கற்றுக்கொள்ள முடியாது, வீடியோ பார்த்தும் முடியாது. பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் நின்று, "இன்னும் கிட்ட போங்க, முட்டியை மடக்குங்க" என்று சொல்லிச் சொல்லித்தான் கை பழகும். வீட்டு அட்டெண்டர் வேலைக்கு இன்று நம்மூரில் நான்கு விதமாகப் பயிற்சி கிடைக்கிறது. நான்கையும் நான் இந்த ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: கை வைக்கும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள்?

தேவை கூடிக்கொண்டே போகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. 2021-க்கான மக்கள்தொகைக் கணிப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். பிள்ளைகள் வெளியூரில், அம்மா அப்பா தனியாக என்று தெருவுக்கு நாலு வீடு இருக்கிறது.

முதல் வழி, ஏஜென்சியே தரும் பயிற்சி. பெரும்பாலானவர்கள் இந்த வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். கட்டணம் கிடையாது, தங்க இடம் கிடைக்கும், மூன்று நாளோ பத்து நாளோ முடிந்ததும் டியூட்டி. ஒரே நாளில் யூனிஃபார்மைக் கொடுத்து அனுப்பிவிடும் இடங்களும் உண்டு. பிரஷர் பார்ப்பது, குளுக்கோமீட்டரில் ஷுகர் பார்ப்பது, டயபர் மாற்றுவது, படுக்கையிலேயே உடம்பு துடைத்துவிடுவது, வீட்டுக்காரரிடம் எப்படிப் பேசுவது: பாடம் பெரும்பாலும் இவ்வளவுதான். இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பயிற்சி அறையில் நோயாளியாகப் படுப்பவர் கூடப் பயிலும் பெண். "திரும்புங்க" என்று தொட்டாலே அவர் தன்னை அறியாமல் பாதி திரும்பிக்கொடுத்துவிடுவார். நினைவு தப்பிக் கிடக்கும் 80 கிலோ உடம்பு அப்படித் திரும்பாது. அதை முதன்முதலாகப் புரட்டும் அனுபவம் யாரோ ஒருவர் வீட்டில், தனியாக, ராத்திரியில் வந்து சேர்கிறது.

ஆனாலும் ஏஜென்சிகளை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். நல்ல ஏஜென்சியில் முதல் நாள் டியூட்டிக்கு ஒரு சிஸ்டர் கூடவே வந்து, நோயாளியைப் பார்த்து, என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிக்கொடுத்து, அட்டெண்டர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போவார். அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் வந்தும் பார்ப்பார். சேரும்போதே கேட்டுவிடுங்கள்: "முதல் டியூட்டிக்கு என்னோட யார் வருவாங்க?" "ஏதாவதுன்னா போன் பண்ணுங்க" என்று பதில் வந்தால், அங்கே பயிற்சி இல்லை, ஆள் அனுப்பும் வேலை மட்டும்தான் நடக்கிறது.

இரண்டாவது, அரசின் திறன் பயிற்சி. 2015-இல் தொடங்கிய பிரதமர் கௌஷல் விகாஸ் யோஜனாவின் கீழ் இரண்டு படிப்புகள் நமக்குப் பொருந்தும். ஒன்று ஆஸ்பத்திரி உதவியாளருக்கான ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட், இன்னொன்று வீட்டுப் பராமரிப்புக்கான ஹோம் ஹெல்த் எய்ட். கொரோனா இரண்டாம் அலைக்குப் பிறகு, 2021 ஜூன் 18 அன்று, ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சி தருவதாக ஒரு அவசரப் படிப்பும் தொடங்கினார்கள். அதிலிருந்த ஆறு பணிகளில் வீட்டுப் பராமரிப்பும் ஒன்று. ஆக்சிஜன் சிலிண்டரோடு வீட்டிலேயே கிடந்தவர்களைக் கவனிக்க ஆள் இல்லாமல் தவித்த அந்த மாதங்கள்தான் இந்த வேலையின் மதிப்பை அரசுக்கே உணர்த்தின என்று நினைக்கிறேன்.

இந்தப் படிப்புகளின் பலம் ஒழுங்கு. கை கழுவுவதில் இருந்து தொடங்குவார்கள்; சோப்புப் போட்டு 40 முதல் 60 நொடி, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம். நாடித்துடிப்பு, மூச்சு, காய்ச்சல், ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பு மாற்றுவது, மருத்துவக் கழிவைப் பிரிப்பது எல்லாம் வரிசையாக வரும். கடைசியில் வெளியாள் வந்து, எழுத்தோடு நிறுத்தாமல் செய்துகாட்டச் சொல்லியும் மதிப்பிடுவார். சான்றிதழுக்கு வெளியூரிலும் மதிப்பு உண்டு.

குறை எங்கே என்றால், பழகும் இடம் பெரும்பாலும் ஆஸ்பத்திரி வார்டு. அங்கே கட்டிலை ஏற்றலாம், இறக்கலாம், பக்கத்தில் கம்பித் தடுப்பு இருக்கும், கூப்பிட்டால் இன்னொரு கை வரும். வீட்டிலோ தாழ்வான மரக்கட்டில், நடுவில் குழி விழுந்த இலவம்பஞ்சு மெத்தை, வாசற்படி தட்டும் பாத்ரூம், இந்தியன் டாய்லெட். வார்டில் நன்றாகக் கற்றவர்கள்கூட வீட்டுக்குள் வந்ததும் முதல் வாரம் திணறுகிறார்கள். அதனால் வீட்டு வேலைக்குத்தான் போகப்போகிறோம் என்பது உறுதியானால் ஹோம் ஹெல்த் எய்ட் படிப்பைத் தேடுங்கள். உங்கள் ஊர் மையத்தில் இல்லாவிட்டால் மற்றதில் சேருங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்டணம் இல்லை என்றாலும் இது மாதக்கணக்கில் சம்பளம் இல்லாத காலம். வீட்டுக்கு ஒரே வருமானமாக இருக்கும் பெண்ணுக்கு அதுதான் உண்மையான கட்டணம்.

மூன்றாவது, தனியார் நிலையங்களின் ஓராண்டு 'நர்சிங் அசிஸ்டென்ட்' டிப்ளமோ. இதில் நான் கறாராகத்தான் இருப்பேன். நர்ஸ் என்று பதிவு பெற, இந்திய நர்சிங் கவுன்சில் ஏற்ற படிப்பு வேண்டும்: இரண்டாண்டு ஏ.என்.எம்., மூன்றாண்டு ஜி.என்.எம்., நான்காண்டு பி.எஸ்சி. ஓராண்டு டிப்ளமோ முடித்தவர் நர்ஸ் ஆக முடியாது. ஆனால் வெள்ளை உடையும் பேட்ஜும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். குடும்பத்தாரும் "சிஸ்டர், இந்த ஊசியைப் போட்டுடுங்க" என்பார்கள், அந்தப் பெண்ணும் மறுக்கத் தெரியாமல் போட்டுவிடுவார். ஏதாவது ஆகிவிட்டால் மாட்டிக்கொள்வது அவர்தான். ஆஸ்பத்திரியோடு இணைந்து, தினமும் வார்டில் நிற்க வைக்கும் நிலையமாக இருந்தால் கொஞ்சம் பயன் உண்டு. கடன் வாங்கிப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஏற்கெனவே அங்கே படித்த ஒருவரிடம், எந்த வார்டில் எவ்வளவு நாள் நின்றார் என்று கேளுங்கள்.

நான்காவது வழியைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை: வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை, அதாவது பேலியேட்டிவ் கேர், குழுக்களோடு சேர்ந்து பழகுவது. கோழிக்கோட்டில் 1993-இல் ஒரு சிறு அமைப்பாகத் தொடங்கி, பிறகு கேரளம் முழுக்கப் பரவிய முறை இது. அங்கே ஊர்த் தொண்டர்களுக்கு 16 மணி நேர வகுப்பு, அப்புறம் 4 நாள் நர்சோடு களத்தில். நேரம் குறைவுதான். ஆனால் கற்பது நோயாளியின் வீட்டிலேயே. குழி விழுந்த மெத்தையில் எப்படிப் புரட்டுவது, பழைய வேட்டியை நாலாக மடித்து இடுப்புக்குக் கீழே போட்டு, ஆளை நகர்த்த இழுக்கும் விரிப்பாக எப்படிப் பயன்படுத்துவது, புண்ணில் இருந்து நாற்றம் வரும்போது முகம் சுளிக்காமல் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் அங்கேதான் கைக்கு வருகிறது.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு வாசல் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பேலியேட்டிவ் நர்சும் பிசியோதெரபிஸ்ட்டும் வீடு தேடி வருகிறார்கள். நீங்கள் டியூட்டி பார்க்கும் வீட்டுக்கு அவர்கள் வருவார்கள் என்றால் அந்த நாளில் லீவு எடுக்காதீர்கள். நர்ஸ் செய்வதைப் பார்த்துவிட்டு, "நான் செய்றேன், நீங்க பாருங்க சிஸ்டர்" என்று கேளுங்கள். செலவில்லாமல் இதைவிட நல்ல வகுப்பு கிடைக்காது. சான்றிதழ் கிடைக்காது, இதை மட்டும் காட்டிச் சம்பளம் கேட்க முடியாது என்பது உண்மைதான்.

மூக்கு டியூபில் உணவு கொடுப்பதை எடுத்துக்கொண்டால் இந்த வழிகளுக்குள் இருக்கும் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்த வேண்டும். டியூபில் போட்ட அடையாளம் மூக்கு நுனியிலேயே இருக்கிறதா, வெளியே நழுவி வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கஞ்சியை சிரிஞ்சில் அழுத்தித் தள்ளாமல் தானாக இறங்க விட வேண்டும். முடிந்ததும் தண்ணீர் விட்டு டியூபைக் கழுவ வேண்டும். அரை மணி நேரமாவது படுக்க வைக்கக் கூடாது. இடையில் இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். ஏஜென்சியில் இதை ஒரு தடவை காட்டுவார்கள். திறன் மையத்தில் பொம்மையை வைத்துப் பழக்குவார்கள், பொம்மை இருமாது. வார்டிலும், நர்சோடு போகும் வீட்டிலும்தான் இருமலைக் கேட்டதும் கை நிற்கப் பழகும். டியூபைப் போடுவதும் கழன்றதை மறுபடி செருகுவதும் எந்த வழியில் படித்த அட்டெண்டருக்கும் வேலை இல்லை. "எனக்கு அதுக்கு அனுமதி இல்லை" என்று சொல்லத் தெரிவதும் பயிற்சியில் சேர்த்திதான்.

அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வேலை செய்யும் வீட்டு உதவியாளருக்கு மத்திய அரசு விதி குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி கேட்கிறது. அதில் 16 மணி நேரமாவது மேற்பார்வையோடு செய்முறை இருக்க வேண்டும். 75 பெரிய எண் ஒன்றும் இல்லை. செய்முறைக்குத் தனியாக ஒரு பங்கு ஒதுக்கியதைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான்கு வழியிலும் சரியாகச் சொல்லித்தராதவையும் உண்டு. மறதி நோய் உள்ளவர் "என் பர்ஸைத் திருடிட்டே" என்று கத்தும்போது வாதாடாமல் கூடச் சேர்ந்து தேடுவது. 24 மணி நேர டியூட்டியில் தன் தூக்கத்தைக் கேட்டு வாங்குவது. வீட்டு ஆண்கள் அத்துமீறினால் யாரை உடனே அழைப்பது. முக்கியமாக, இந்தக் கடைசிக் கேள்விக்கு போன் எண்ணோடு பதில் சொல்லாத எந்த இடத்திலும் சேர வேண்டாம்.

சரி, எதைத் தேர்வு செய்வது? பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த, சில மாதம் பொறுக்க முடிகிற இளம்பெண் என்றால் அரசுப் படிப்பு. இந்த மாதமே வாடகை கட்ட வேண்டிய நாற்பது வயது அக்கா என்றால், சிஸ்டர் கூட வரும் ஏஜென்சி, அதோடு வீட்டுக்கு வரும் பேலியேட்டிவ் நர்சிடம் கேட்டுக் கேட்டுக் கற்பது. டிப்ளமோவுக்குக் கடன் வாங்கும் யோசனை இருந்தால், அதற்குப் பதிலாக ஏ.என்.எம். சேர முடியுமா என்று முதலில் பாருங்கள்.

ஆள் வைக்கும் குடும்பத்தாருக்கும் ஒன்று. சான்றிதழைப் பார்த்துவிட்டு உள்ளே விடாதீர்கள். "அப்பாவை ஒரு தடவை சேருக்கு மாத்திக் காட்டுங்கம்மா" என்று மரியாதையாகக் கேளுங்கள். அட்டெண்டர் மாறும்போது பழையவரும் புதியவரும் ஒரு நாளாவது சேர்ந்து இருக்கட்டும். அந்த ஒரு நாள் கூடுதல் சம்பளம் யார் பொறுப்பு என்பதை ஏஜென்சியோடு ஆரம்பத்திலேயே எழுத்தில் பேசி வையுங்கள்.