முறிந்த ட்ரெய்லரிலிருந்து படகை மாற்ற: தண்ணீரா, பூம் ட்ரக்கா, ஆள்பலமா?

கொழும்பு மட்டக்குளியில் எங்கள் 18 அடி ஃபைபர் படகு வீதியோரம் ட்ரெய்லரோடு சாய்ந்து நின்றபோது, கூடி நின்றவர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். உப்புத் துருவேறிய அச்சு ஒரு பக்கம் முறிந்துவிட்டது. வேறு ட்ரெய்லர் கிடைத்தது. படகை அதில் ஏற்றுவதுதான் பெரும்பாடு.

உடைந்தது இன்னும் உருளுமென்றால் தண்ணீர்தான் சுகமான வழி. ட்ரெய்லரோடு நீரில் இறக்கினால் படகு மிதந்து தானாகக் கழலும். பழையதை இழுத்துவிட்டு மற்றதை இறக்கலாம். ஆனால் கொழும்பில் வற்றுப்பெருக்கு மிகக் குறைவு, பறுவ (முழுநிலவு) நாளில்கூட ஒரு மீற்றர் வராது. மணலில் நிறுத்திவிட்டு நீர் ஏறட்டும் என்று காத்திருந்து பயனில்லை, சீமெந்துச் சரிவு வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் திறந்த கரையில் இதை நினைக்கவே வேண்டாம். ஓடிச் சூடேறிய பெயாரிங்கை உடனே நீரில் இறக்கினால் உப்புநீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும், ஆறவிட்டு இறக்குங்கள்.

எங்களுடையது உருளவில்லை. அப்புறம் பூம் ட்ரக், அதாவது தூக்கும் கை பூட்டிய லொறி. வேகம் என்றால் இதுதான், பெரிய படகுக்கு வேறு வழியும் இல்லை. கம்பி வடம் வேண்டாம், அகலமான துணிப்பட்டி இரண்டு கேளுங்கள். இரண்டையும் ஒன்றோடொன்று கட்டாவிட்டால் முன்பட்டி அணியப் (படகின் முன்முனை) பக்கம் வழுக்கிவிடும். பட்டிகளுக்கு மேலே குறுக்குச் சட்டம் இல்லையென்றால் படகின் விளிம்பு நசுங்கும். எங்கள் ஒழுங்கையில் மின்கம்பிகள் தலைக்கு மேலேயே ஓடின. அதனால்தான் நான் அதை மறுத்தேன், இன்றும் மறுப்பேன்.

இரண்டு ட்ரெய்லர்களையும் முதுகோடு முதுகு சேர்த்துத் தள்ளலாம் என்று ஒரு அண்ணன் சொன்னார். அப்படிச் செய்தால் படகின் பின்புறம், ட்ரெய்லரின் முன்னால் படகை இழுத்தேற்றும் வின்ச் பக்கம் போய்விடும், பாரம் முழுவதும் வாகனத்தில் மாட்டும் கொக்கியில் இறங்கும். வேண்டாம்.

ஆகவே ஆள்பலம். முதலில் இயந்திரத்தைக் கழற்றினோம். 25 குதிரைவலு என்றாலே ஏறத்தாழ 50 கிலோ. அடியில் தேங்கிய மழைநீரைத் திறந்துவிட்டோம், 100 லீற்றர் என்றால் அது 100 கிலோ. முறிந்த பக்கத்தை ஜாக் வைத்து மட்டத்துக்குக் கொண்டுவந்தோம். இதை விட்டால் படகு பக்கவாட்டில் சரிந்து கை காலை நசுக்கும். பின்னால் பழைய டயர்களை அடுக்கி, தென்னங்குற்றிகளை உருளையாகப் போட்டு, எட்டுப் பேர் மெல்ல மெல்லத் தள்ளினார்கள். மீன்பிடிக்கிறவர்களுக்கு இது தினசரி வேலை. தள்ளும் தாளம் அவர்களுக்குத்தான் தெரியும், கட்டளையை அவர்களிடமே விடுங்கள். படகு டயரில் இறங்கியதும் பழையதை ஒதுக்கி, மற்றதை அணியத்துக்கு நேராகப் பின்னோக்கி விட்டு வின்ச்சால் ஏற்றினோம். நேரம் கூடத்தான் எடுத்தது, ஆனால் ஒரு கீறலும் விழவில்லை.

இயந்திரத்தைத் திரும்பப் பூட்டியபின் ட்ரெய்லரின் கொக்கி முனையைக் கையால் தூக்கிப் பாருங்கள். இலேசாக எழும்பினால் பாரம் பின்னால் கிடக்கிறது. இன்னும் கொஞ்சம் முன்னே இழுக்க வேண்டும்.