கிலோ கணக்கில் துணி வாங்கிப் பை தைப்பவர்கள் கவனத்துக்கு

வீட்டில் மிஷின் போட்டு ஷூ பை, செருப்புப் பை, சுருக்குப் பை என்று தைத்துக் கொடுக்கிற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் ‘மில் சர்ப்ளஸ், நூறு சதவீதம் காட்டன், கிலோ 320’ என்று வீடியோ போட்டு விற்கும் ஒரு வியாபாரியிடம் 10 கிலோ கருநீலத் துணி வாங்கினேன். வந்தது காட்டனும் இல்லை, சொன்ன மீட்டரும் இல்லை. பணத்தையும் திருப்பித் தர மறுக்கிறார்.

காசி யாத்திரை கூட்டிப் போகும் ஒரு குழுவுக்கு 150 பை தைத்துத் தர வேண்டியிருந்தது. ரயிலில் இரண்டு நாள், அப்புறம் கங்கைக் கரை, சத்திரம், கோயில் வாசல் என்று செருப்பைக் கழற்றிக் கழற்றிக் கையில் தூக்கும் பயணம் அது. ஈரச் செருப்பைத் துணிமணிகளோடு ஒரே பெட்டியில் போட முடியாது. பிளாஸ்டிக் கவரில் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்று நாற்றம் வரும். காற்று போய் வரும் பருத்தித் துணியில், வாய் சுருக்கி நாடா இழுக்கிற பை வேண்டும் என்று குழுவை நடத்தும் ஐயா தெளிவாகச் சொல்லியிருந்தார். சாயம் போகக்கூடாது என்றும் சொன்னார்.

தைத்த பிறகு 12 இன்ச் அகலம், 16 இன்ச் உயரம் இருந்தால் ஆண்கள் ஷூவே ஒரு ஜோடி தாராளமாக உள்ளே போகும். அதற்கு 13 இன்ச்சுக்கு 35 இன்ச் என்று ஒரே துண்டாக வெட்டி, அடியில் மடித்துத் தைக்கிறேன். அடியில் தையல் வராததால் கனத்துக்குப் பிரியாது. 44 இன்ச் பன்னா (துணியின் அகலம்) உள்ள துணியில் குறுக்கே மூன்று பை விழும். 150 பைக்கு 45 மீட்டர் இருந்தால் போதும். வியாபாரி கிலோவுக்கு 6 மீட்டர் நிற்கும் என்றார். 10 கிலோவுக்குக் குறைந்து தர மாட்டாராம். சரி, 60 மீட்டர் வரும், மீதியில் உள்பை தைக்கலாம் என்று ஜிபேயில் 3,200 ரூபாய் அனுப்பினேன்.

பார்சல் 10 கிலோ சரியாக இருந்தது. பிரித்து அளந்தால் 37 மீட்டர்தான். போன் போட்டேன். “திக்கான குவாலிட்டி அக்கா, வெயிட் கூட இருக்கும், மீட்டர் கம்மியாதான் வரும். உங்களுக்கு நல்லதுதானே” என்றார். துணியும் விறைப்பாக, கையில் கனமாகத்தான் இருந்தது.

எதை வாங்கினாலும் வெட்டுவதற்கு முன்னால் ஒரு மீட்டர் துவைத்துப் பார்ப்பது என் வழக்கம். சமையல் தராசில் அந்த ஒரு மீட்டரை வைத்தேன். 270 கிராம். சூடான நீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்துக் கசக்கினேன். நீர் முதலில் கொழகொழவென்று வெள்ளையாகக் கலங்கியது, பிறகு நீலமாகியது. வாளி அடியில் மாவு மாதிரி படிந்தது. அலசிக் காயவைத்து மறுபடி நிறுத்தால் 190 கிராம். மீட்டருக்கு 80 கிராம் கஞ்சியும் நிரப்புப் பொடியும்! அந்தக் கணக்கில் 10 கிலோவில் கிட்டத்தட்ட 3 கிலோ துணியே இல்லை. கஞ்சியைத்தான் கிலோ 320-க்கு எனக்கு விற்றிருக்கிறார். கஞ்சி போன பிறகு துணி துவண்டு, வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிகிறது.

தறியில் ஓட்டுவதற்குப் பாவு நூலுக்கு, அதாவது நீளவாட்டு நூலுக்கு, கஞ்சி போடுவது எல்லா இடத்திலும் நடப்பதுதான். தறியிலிருந்து வந்தபடியே, வெளுக்காமல் சாயம் போடாமல் இருக்கும் காடா துணியில் அது இருக்கும், அதில் குற்றம் இல்லை. சாயம் போடுவதற்கு முன் அதை எடுத்துவிடுவார்கள். சாயத் துணிக்கு மேல் இவ்வளவு கனமாக மறுபடி ஏற்றுவது எடையைக் கூட்டத்தான். மீட்டரில் விற்பவருக்கு இதனால் பெரிய லாபம் இல்லை. கிலோவில் விற்பவருக்கு ஒவ்வொரு கிராமும் காசு.

அடுத்தது காட்டன் விஷயம். வாங்கும் முன் கேட்டபோது, துணியிலிருந்து நூல் உருவிக் கொளுத்தி வீடியோ அனுப்பினார். காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாக உதிர்ந்தது. துணி வந்ததும் நானும் அதையே செய்தேன். வெட்டு ஓரத்தில் உருவிய நூல், அதாவது குறுக்கே ஓடும் ஊடை, சாம்பலாகத்தான் ஆனது. கரைப் பக்கம் நீளவாட்டில் ஓடும் பாவு நூலை உருவிக் கொளுத்தினேன். அது சுருண்டு உருகி, கரும்புகை விட்டு, நுனியில் கறுப்பாகக் கெட்டி மணியாக நின்றது. அது பாலியஸ்டர். வீடியோவில் அவர் உருவியதும் வெட்டு ஓரத்து நூல்தான். தெரிந்தேதான் அந்தப் பக்கம் உருவியிருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யார் எரித்துக் காட்டினாலும் இரண்டு பக்க நூலையும் தனித்தனியாக எரிக்கச் சொல்லுங்கள்.

சாயம் இன்னும் மோசம். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பத்துத் தரம் தேய்த்தேன். பட்டையாக நீலம் ஒட்டியது. காயவைத்த துணியில் உலர்ந்த கைக்குட்டையைத் தேய்த்தாலும் ஒட்டுகிறது. நூலுக்குள் நன்றாக ஏறிப் பிடித்த சாயமாக இருந்தால் இப்படி வராது. இது மேலே பூசிய பிக்மென்ட் (நூலுக்குள் ஏறாமல் பசையால் மேலே ஒட்டி நிற்கும் வண்ணப் பொடி), அதையும் பிடிமானம் இல்லாமல் பூசியிருக்கிறார்கள். பாலியஸ்டரும் பருத்தியும் ஒரே சாயத்தில் ஒரே மாதிரி நிறம் பிடிக்காது, பூசிவிட்டால் கலப்பு கண்ணுக்குத் தெரியாது. யாரோ ஒரு பாட்டியின் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ இந்தப் பைக்குள் ஈரத்தோடு ஒரு ராத்திரி கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது எனக்குக் கோபம் அடங்கவில்லை. திட்டு வாங்குவது தைத்த நாம்தானே தவிர அவர் இல்லை.

அளந்ததையும் நிறுத்ததையும் எரித்ததையும் படமெடுத்து அனுப்பினேன். முதலில் “லாட் மாறியிருக்கும் அக்கா” என்றார். பிறகு “நீங்க தண்ணில போட்டுட்டீங்க, ரிட்டர்ன் எடுக்க முடியாது” என்றார். தண்ணீர் படாத 36 மீட்டரும் அப்படியே இருக்கிறது, அதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். “பில்லுல நோ ரிட்டர்ன்னு போட்டிருக்கே” என்று பதில் வந்தது, அதோடு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். அவர் பில் என்று சொன்னது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்புப் போட்ட ஒரு துண்டுச் சீட்டு. கடை முகவரி இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை.

‘நோ ரிட்டர்ன்’ என்று எழுதிவைத்தால் நம் உரிமை போய்விடாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள் எடுத்தாக வேண்டும். ‘தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை’ என்று சிலர் பயமுறுத்துவார்கள். சுயதொழிலாக, பிழைப்புக்கென்று வாங்கிப் பயன்படுத்துபவரை அந்தச் சட்டமே நுகர்வோர் என்றுதான் சொல்கிறது. விற்றவர் வேறு ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. வராவிட்டால் மாவட்ட ஆணையம்தான்.

யாத்திரைக்கான 150 பையையும் உள்ளூர்க் கடையில் மீட்டர் கணக்கில் துணி எடுத்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன். கடைக்காரர் அரை மீட்டர் சாம்பிள் தந்தார், துவைத்துப் பார்த்துத்தான் மீதியை வாங்கினேன். லாபம் என்று ஒன்றும் நிற்கவில்லை.

கிலோவில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1,000-ஐ ஜிஎஸ்எம்-ஆல் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) வகுத்து, வந்ததைப் பன்னாவால் (44 இன்ச் என்றால் 1.12 மீட்டர்) வகுத்தால் கிலோவுக்கு எத்தனை மீட்டர் என்று தெரியும். 150 ஜிஎஸ்எம் என்றால் ஏறக்குறைய 6 மீட்டர், 240 என்றால் 3.7. இவர் சொன்ன 6 மீட்டர் 150 ஜிஎஸ்எம் துணிக்கான கணக்கு, கைக்கு வந்தது 240. ஜிஎஸ்எம் எவ்வளவு, அது துவைக்கும் முன்பா பின்பா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். குரல் செய்தியில் சொன்னால் அழிக்காமல் வையுங்கள். பார்சலைப் பிரிக்கும்போதே எடையையும் அளவையும் வீடியோ எடுத்து, துவைக்காத துண்டு ஒன்றைத் தேதி எழுதித் தனியே வையுங்கள். என் புகாரில் இப்போது கைகொடுப்பது அந்தத் துண்டும் தராசுப் படங்களும்தான்.