குளியலறைக் கசிவுக்கு 'பியூ இன்ஜெக்‌ஷன்': பணம் கொடுக்குமுன் இதைப் படியுங்கள்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு பழைய கொண்டோ (அடுக்குமாடி வீடு). குளியலறைச் சீலிங்கில் மஞ்சள் கறை. முகநூல் விளம்பரத்தைப் பார்த்து வீட்டுக்காரம்மா அழைத்த, கசிவு சரிசெய்யும் குத்தகையாளர் வந்தார், ஈரமானியைச் சீலிங்கில் வைத்தார், 'பீப்' என்றது. "வாட்டர்புரூஃபிங் போயிடுச்சுக்கா. மேல்வீட்ட உடைக்க வேணாம், கீழருந்தே இன்ஜெக்‌ஷன் போட்டுறலாம். பத்து வருச வாரண்டி." 2,800 ரிங்கிட், பாதி முன்பணம். நம்ம தமிழ் ஆள்தானே என்று நம்பிவிட்டார்கள். சிலேப்பில், அதாவது இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள கான்கிரீட் தளத்தில், 14 துளை போட்டு, பியூ (பாலியூரித்தேன்) ரெசின் ஏற்றி, புதுச் சீலிங் அடித்து, வெள்ளைச் சாயமும் பூசிவிட்டுப் போனார். இரண்டு மாதத்தில் அதே இடத்தில் கறை. கேட்டதற்கு, "இது வேற கசிவுக்கா, வாரண்டியில வராது. மேல்வீட்டுத் தரைய ஹேக் பண்ணணும், உடைச்சு எடுக்கணும், 7,500 ரிங்கிட் ஆகும்."

உண்மைக் கோளாறு மேல்வீட்டு ஃபுளோர் டிராப் (குளியலறைத் தரைத் தண்ணீர் வடியும் வாய்) குழாயின் இணைப்பில் இருந்தது. தரையையும் வாட்டர்புரூஃபிங்கையும் தொடவே தேவையில்லை. இணைப்பை மாற்றி, சிலேப்பில் குழாய் இறங்கும் துளையைச் சுருங்காத சிமெண்டுக் கலவையால் அடைத்ததும் நின்றது.

இந்த 'பீப்' விஷயம் முதலில். ஊசி வைத்த ஈரமானிகள் பெரும்பாலும் மரத்துக்காக அளவு குறித்தவை. சிமெண்டுப் பூச்சிலும் பிளாஸ்டர் பலகையிலும் அது காட்டும் எண் ஈரத்தின் சரியான அளவு ஆகாது. உப்புப் பூத்த இடத்திலும் கத்தும். ஊசியில்லாத வகை, பின்னால் இரும்புச் சட்டம் இருந்தாலும் கத்தும். ஒரே சீலிங்கில் பல இடங்களை ஒப்பிட, சில நாள் கழித்து அதே இடங்களை மறுபடி பார்க்க, அவ்வளவுக்குத்தான் அது உதவும். வெப்பக் கேமராவும் அப்படியே: அது காட்டுவது வெப்பநிலை வேறுபாட்டை மட்டுமே. ஏர்கோன் குளிர்ந்த காற்று படும் மூலையும் நீலமாகத் தெரியும். கறை இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லத்தான் ஆளைக் கூப்பிடுகிறீர்கள்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வரிசை உண்டு. இரவும் பகலும் ஒரே சீராகச் சொட்டினால் சப்ளை குழாயைச் சந்தேகியுங்கள். மேல்வீட்டில் எல்லாக் குழாயையும் டாங்கி வால்வையும் மூடி, மீட்டர் எண்ணைக் குறித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் அந்தச் சப்ளை குழாயில் எங்கோ ஓட்டை. மழை பெய்தால் மட்டும் கறை பெருகுகிறதா? குளியலறையை விட்டுவிட்டு வெளிச்சுவரையும் ஜன்னல் ஓரத்தையும் பாருங்கள்.

குளித்த பின் மட்டும் சொட்டினால்தான் ஃபுளோர் டிராப்பா, தரையா என்ற கேள்வி. பலர் கோட்டை விடுவது இங்கேதான். தரை முழுக்க வாளியால் ஊற்றிவிட்டு "பார்த்தீங்களா, ஒழுகுது" என்பது எதையும் நிரூபிக்காது. தண்ணீர் தரை வழியாகவும் இறங்கியிருக்கலாம், டிராப் வழியாகவும் இறங்கியிருக்கலாம். முதலில் இரண்டு மூன்று நாள் அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாமல் காயவிடுங்கள். டைல்ஸுக்கு அடியில் உள்ள மணல்-சிமெண்டுப் படுகை தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். மேலே நிறுத்திய பிறகும் கீழே சொட்டிக்கொண்டிருக்கும். பிறகு உணவுச் சாயம் கலந்த ஒரு வாளித் தண்ணீரை, தரையில் ஒரு சொட்டும் படாமல், நேரே டிராப்புக்குள் ஊற்றுங்கள். கீழே சீலிங்கைத் திறந்து டார்ச் அடித்து நில்லுங்கள். சில நிமிடங்களில் இணைப்பில் சாயம் தெரிந்தால் குழாய்தான். செந்தூல் வீட்டில் அப்படித்தான் தெரிந்தது.

அப்போது எதுவும் வரவில்லை என்றால் டிராப்பை அடைத்து, தரையில் 25 மில்லிமீட்டர் சாயத் தண்ணீர் தேக்கி, சுவரில் பென்சில் கோடு போட்டு 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கியது மட்டும் ஆதாரமில்லை, அடைப்பே கசியலாம். கீழே சாயத்தோடு ஈரம் வந்தால்தான் வாட்டர்புரூஃபிங் போய்விட்டது என்று சொல்ல முடியும். ஹேக்கிங் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கட்டும்.

பியூ இன்ஜெக்‌ஷன் ஏமாற்று வேலை என்று சொல்லவில்லை. தண்ணீர் வரும் கான்கிரீட் வெடிப்புக்கு, உதாரணமாக அடித்தளச் சுவருக்கோ லிஃப்ட் குழிக்கோ, அது நல்ல வழி. ஆனால் துளைகள் வெடிப்பின் இரு பக்கமும் மாறிமாறி, சாய்வாகப் போட்டு, சிலேப்பின் நடுவில் வெடிப்பைச் சந்திக்க வேண்டும். செந்தூல் சிலேப்பில் வெடிப்பே இல்லை. 14 துளையும் நேர் மேலே, கண்ட இடத்தில். இணைப்பில் ஒழுகும் தண்ணீரை அது எப்படி நிறுத்தும்? கொஞ்ச நாள் வழி மாறிப் போகும், அவ்வளவுதான். மேல்வீட்டார் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போனாலும் கசிவு நிற்கும், அதற்கும் வாரண்டி கொடுப்பார்கள் போலிருக்கிறது.

சீலிங்கை உடனே மூடிச் சாயம் அடித்துத் தருகிறேன் என்பவரிடம் கூடுதல் கவனம் தேவை. ஒன்றரை அடிச் சதுரத் திறப்பு விடச் சொல்லுங்கள். விலைப்பட்டியலில் காரணம் என்ன, எந்தச் சோதனையில் தெரிந்தது, வேலை முடிந்தபின் எந்தச் சோதனை என்று எழுதி வாங்குங்கள். கால்வாசிப் பணத்தையாவது மறுசோதனை முடியும்வரை பிடித்து வையுங்கள்.

கொண்டோ என்றால் குத்தகையாளருக்கு முன் நிர்வாகத்துக்கு எழுதுங்கள். 2015 ஸ்ட்ராட்டா (அடுக்குமாடிக் கட்டட) நிர்வாக விதிமுறைகளின்படி, மாடிகளுக்கிடையிலான கசிவு பற்றிப் புகார் வந்தால் நிர்வாகம் 7 நாளுக்குள் பார்வையிட வேண்டும், முடிந்த 5 நாளுக்குள் பாரம் 28 (Form 28) எனும் பார்வையிட்ட சான்றிதழ் தர வேண்டும். வேறு விதமாக நிரூபிக்கும்வரை கோளாறு மேல்வீட்டுடையது என்றே கொள்ளப்படும். மேல்வீட்டுக்கு மட்டும் பயன்படும் குழாய் உங்கள் சீலிங்குக்குள் ஓடினாலும் பொறுப்பு மேல்வீட்டாருக்குத்தான். செந்தூல் வீட்டுக்காரம்மா அந்த 2,800-ஐச் செலவழித்திருக்கவே வேண்டாம். நிர்வாகம் அசையவில்லை என்றால் கோலாலம்பூரில் டிபிகேஎல்-இன் (கோலாலம்பூர் மாநகர மன்றம்) கட்டட ஆணையர் பிரிவுக்குப் போகலாம்.

புது வீடாக இருந்து, சாவி வாங்கி 24 மாதம் ஆகவில்லை என்றால் வெளியாள் கையை வைக்கவே விடாதீர்கள். வீட்டைக் கட்டி விற்ற மேம்பாட்டாளருக்கு எழுத்தில் கொடுங்கள், 30 நாளுக்குள் அவர் செலவில் சரிசெய்ய வேண்டும். வேறு ஆள் துளை போட்ட சிலேப்பைக் காட்டித் தப்பிக்க அவருக்கு வழி விடக் கூடாது.

ஏற்கெனவே பணம் போய்விட்டவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த வாரண்டிச் செய்தி, ரசீது, துளைகளின் படம், சாயத் தண்ணீர் சொட்டும் காணொளி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். வேறு குத்தகையாளர் வந்து எல்லாவற்றையும் மாற்றுவதற்கு முன் எடுங்கள்.