சாட்ஸ்வொர்த் மருந்துக்கடையும் என் கொழுப்பு மாத்திரையும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு மருந்துக்கடை. பின்னறையில் நர்ஸ் இருப்பார். போன ஆகஸ்டில் பிரஷர் பார்க்கப் போனேன். "வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் ஹார்ட் அட்டாக் வந்ததா?" என்று கேட்டார். அப்பா 43 வயதில் போனதைச் சொன்னேன். உடனே விரலில் குத்திப் பார்த்தார். ரத்தத்தில் மொத்தக் கொழுப்பு 8.2 (இங்கே மில்லிமோல் கணக்கு). 5-க்குள் இருக்க வேண்டுமாம்.

அந்தச் சீட்டோடு ஒரு டாக்டரிடம் போனேன். "28 வயதில் மாத்திரை எதற்கு, பன்னி சௌவைக் குறை" என்று (குழம்பு நிரப்பிய ரொட்டி, எங்கள் ஊர்ச் சாப்பாடு) அனுப்பிவிட்டார். சரி என்று புரட்டாசி முழுக்க மாமிசம் தொடவில்லை, பொரித்ததும் இல்லை. மாத முடிவில் 7.9. கடையிலேயே அழுதுவிட்டேன்.

மருந்தாளுநர் ஆன்ட்டி கவுண்டரை விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இது உன் சாப்பாட்டால் மட்டும் வந்ததில்லை கண்ணு, பரம்பரையாக இருக்கலாம்" என்றார். ரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்பைக் கல்லீரல் போதுமான அளவு இழுக்காத கோளாறு. உலகில் சுமார் 250 பேரில் ஒருவருக்கு உண்டு, இங்கே ஆப்பிரிக்கானர்களிடம் (டச்சு வழி வந்த வெள்ளையர்கள்) இன்னும் அதிகம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பிறந்ததிலிருந்தே கொழுப்பு படிவதால்தான் இளம் வயதிலேயே மருந்து தொடங்குகிறார்களாம். வேறொரு டாக்டருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

லேப் பரிசோதனையில் எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, 6.1. தைராய்டும் பார்த்துவிட்டு அந்த டாக்டர் கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் 40 மில்லிகிராம் எழுதினார். மாத்திரையை ஆன்ட்டி சும்மா பையில் போட்டுத் தரவில்லை. தசை வலி அதிகமாகி சிறுநீர் கறுத்தால் உடனே போன் செய்யச் சொன்னார். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் என்பது அவருக்குத் தெரியும்; குழந்தைக்கு முயற்சி செய்வதற்கு முன்பே டாக்டரிடம் பேசி மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். இதை வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கொழுப்பு நோய் மெடிக்கல் எய்டின் (மருத்துவக் காப்பீடு) நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இருப்பதால் அதற்கான படிவத்தையும் அவரே நிரப்பினார். மூன்று மாதத்தில் எல்டிஎல் 3.2.

குறையும் உண்டு. நர்ஸ் அறைக்குக் கதவில்லை, திரைதான். உள்ளே பேசுவது வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்கும். சனிக்கிழமை காலை போகவே வேண்டாம், ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரின் புது மருந்துச் சீட்டு வேண்டும் என்பதையும் முன்கூட்டியே ஞாபகப்படுத்தலாம். எனக்கு நான்கு நாள் மாத்திரை இல்லாமல் போனது.

அப்புறம் தம்பியையும் இழுத்துக்கொண்டு போனேன். 24 வயது, வாரம் மூன்று நாள் பந்து ஆடுகிறவன், ஒல்லி. அவனுக்கும் மொத்தக் கொழுப்பு 7.6. திங்கட்கிழமை எனக்கு மாத்திரை எழுதிய அதே டாக்டரிடம் போகிறோம்.